57 டி.இ.வி.யில் ஒரு புரோட்டான் காற்றில் எங்கே மோதும்? புதிதாகக் கணக்குப் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

10¹⁸ எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டிய ஆற்றலோடு ஒரு புரோட்டான் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. எவ்வளவு காற்றைக் கடந்த பிறகு அது முதல் அணுக்கருவில் மோதும்? அண்டக்கதிர் ஆய்வில் பல விஷயங்கள் இந்த ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த மோதலில் தொடங்கும் துகள் பொழிவு எந்த உயரத்தில் உச்சம் அடையும், வந்தது புரோட்டானா இரும்பா என்பதெல்லாம் இதை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. மோதுபொறிகூட இந்த ஆற்றலுக்கு எட்டாது. ஆகவே அளந்த இடத்திலிருந்து அளக்காத இடத்துக்குக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும்.

கீழே உள்ள படிகளுக்கு அறிவியல் கால்குலேட்டர் போதும். ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறோம்: 10^18.24 இ.வி., அதாவது 1.74 × 10¹⁸ இ.வி. (இ.வி. என்பது எலெக்ட்ரான்வோல்ட்; ஜி.இ.வி. அதில் நூறு கோடி, டி.இ.வி. லட்சம் கோடி.) இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அர்ஜென்டினாவின் மலார்குவே அருகே 3000 சதுர கிலோமீட்டரில் விரிந்திருக்கும் பியேர் ஓஷே ஆய்வகம் 2012-இல் வெளியிட்ட அளவீடு இதே ஆற்றலுக்கானது. கணக்கை முடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான எண் கையில் இருக்கும்.

எந்தப் பரப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மோதல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதை ஒரு பரப்பாகச் சொல்வது வழக்கம். குறுக்குவெட்டுப் பரப்பு என்று பாடநூலில் இருக்கும். ஆய்வுக்கூடங்களில் கிராஸ் செக்‌ஷன் என்றுதான் பேச்சு. அலகு மில்லிபார்ன். 10 மில்லிபார்ன் ஒரு சதுர ஃபெர்மிக்குச் சமம் (ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பத்து மடங்கு தவறான விடையை நம்பிக்கொண்டிருப்பது நிறைய நடக்கிறது.

புரோட்டானும் புரோட்டானும் மோதும்போது பரப்பு இரண்டு கூறாகப் பிரியும். இரண்டும் உடையாமல் விலகிப் போனால் மீட்சி மோதல். புதிய துகள்கள் பிறந்தால் மீட்சியற்ற மோதல். எல்.எச்.சி.யில் 13 டி.இ.வி.யில் டோட்டம் குழு அளந்தவை: மொத்தம் 110.6, மீட்சி 31.0, மீட்சியற்றது 79.5 மில்லிபார்ன். துகள் பொழிவைத் தொடங்கிவைப்பது மூன்றாவது மட்டுமே. மொத்தப் பரப்பை எடுத்து நேராகக் காற்றுக் கணக்கில் போட்டால் எல்லாம் பெரிதாகிவிடும்.

காற்றணுக்கருவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சில சமயம் அணுக்கரு மட்டும் சிதறும், புதிய துகள் எதுவும் பிறக்காது. பொழிவுக்கு அதனால் பயனில்லை. ஓஷே ஆய்வகம் தருவது துகள் உருவாகும் மோதலுக்கான பரப்பு. உங்கள் கணக்கும் அதையே குறிவைக்கட்டும்.

படி 1: ஆற்றலை மாற்றுவது

எல்.எச்.சி.யில் இரு கற்றைகள் நேருக்கு நேர் மோதுகின்றன. வானத்தில் ஒன்று ஓடிவருகிறது, மற்றது நிற்கிறது. எனவே நிறைமைய ஆற்றலின், அதாவது மோதலுக்கு உண்மையில் பயன்படும் ஆற்றலின், வர்க்கம் இப்படி வரும் (எல்லாம் ஜி.இ.வி.யில்):

வர்க்கம் = 2 × 0.938 × வரும் துகளின் ஆற்றல்

நம் உதாரணத்தில் 1.876 × 1.74 × 10⁹ = 3.26 × 10⁹. வர்க்கமூலம் 57,100 ஜி.இ.வி., அதாவது 57 டி.இ.வி. எல்.எச்.சி.யின் 13 டி.இ.வி.யை இதே முறையில் திருப்பிப் போட்டால் 9 × 10¹⁶ இ.வி. வரும். மோதுபொறியின் அந்த ஆற்றலுக்கும் நம் புரோட்டானுக்கும் நடுவில் வரும் ஆற்றலில் ஏறக்குறைய 20 மடங்கு இடைவெளி. மோதலுக்குப் பயன்படும் ஆற்றலிலோ அது நாலரை மடங்குதான். வர்க்கமூலம் நமக்குச் செய்யும் பெரிய உதவி இது.

வருவது புரோட்டான் அல்ல, இரும்பு என்றால்? ஆற்றலை அதன் 56 நியூக்ளியான்களுக்கும் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்) பங்கிட்ட பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். அதே 1.74 × 10¹⁸ இ.வி. கொண்ட இரும்பில் ஒவ்வொரு நியூக்ளியானும் 7.6 டி.இ.வி. அளவில்தான் மோதுகிறது, அதாவது ஏற்கெனவே எல்.எச்.சி. அளந்த இடத்தில். பங்கிட மறந்தால் விடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எண் பார்க்க நியாயமாகவே இருக்கும்.

படி 2: புரோட்டான்–புரோட்டான் மொத்தப் பரப்பு

இங்கே அளவீடுகளுக்குப் பொருத்திய வளைவு ஒன்று தேவை. துகள் தரவுக் குழுவின் தொகுப்பில் வந்த பொருத்தம் மிக உயர்ந்த ஆற்றல்களில் இப்படிச் சுருங்கும் (வர்க்கம் என்பது படி 1-இல் கிடைத்த எண்):

மொத்தம் = 34.41 + 0.272 × [இயல் மடக்கை (வர்க்கம் ÷ 15.98)]² மில்லிபார்ன்

ஆற்றல் குறைந்த இடங்களில் வேறு இரண்டு உறுப்புகளும் சேரும், 1 டி.இ.வி.யைத் தாண்டியபின் அவை 0.1 மில்லிபார்ன்கூடத் தேறாது. மடக்கை இயல் மடக்கைதான், பொது மடக்கை அல்ல. கால்குலேட்டரில் பக்கத்துப் பொத்தானை அழுத்துவது புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை.

போட்டுப் பார்ப்போம். 3.26 × 10⁹ ÷ 15.98 = 2.04 × 10⁸. இயல் மடக்கை 19.13. அதன் வர்க்கம் 366. 0.272 ஆல் பெருக்கினால் 99.6. கூட்டினால் 134 மில்லிபார்ன்.

கை பழக இன்னொன்று. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வகம் பதிவு செய்யும் ஆற்றல்களில் ஒன்று 10¹⁵ இ.வி. இதற்கு 1.37 டி.இ.வி.யும் 71.5 மில்லிபார்னும் வந்தால் உங்கள் கணக்கு சரி.

மடக்கையின் வர்க்கம் ஏன்? 1961-இல் இயற்பியலாளர் ஃப்ருவாசார் நிறுவிய எல்லைதான் காரணம்: ஆற்றல் ஏற ஏற மொத்தப் பரப்பு மடக்கையின் வர்க்கத்தைவிட வேகமாக வளரக் கூடாது. டொனாக்கி, லேன்ட்ஷாஃப் 1992-இல் தந்த அடுக்கு வளைவு இந்த எல்லையை என்றோ ஒருநாள் மீறும். ஆனால் அந்த நாள் நம் வானத்தில் வருவதில்லை. 10²⁰ இ.வி.யில் அடுக்கு வளைவு 177, மடக்கை வளைவு 181. கொள்கையில் அவ்வளவு வேறுபட்ட இரண்டும் நமக்குத் தேவையான எல்லை முழுக்கச் சில சதவீதத்துக்குள் ஒட்டியே ஓடுகின்றன. எந்தச் சூத்திரம் என்ற விவாதத்தில் ஒரு வாரம் போக்க வேண்டாம்.

உண்மையான சிக்கல் அளவீடுகளில் இருக்கிறது. 13 டி.இ.வி.யில் டோட்டம் சொல்வது 110.6 ± 3.4, அட்லஸ் குழு சொல்வது 104.7 ± 1.1. மேலே உள்ள சூத்திரம் தருவது 105.6. இதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதைதான்: அமெரிக்காவின் டெவட்ரான் மோதுபொறியில் 1.8 டி.இ.வி.யில் ஒரு குழு 72.8 என்றது, இன்னொரு குழு 80 என்றது. அளந்த இடத்திலேயே 5 சதவீதம் இழுபறி இருக்கும்போது, 57 டி.இ.வி.யில் 134.0 என்று தசமப் புள்ளியோடு எழுதுவதற்கு அர்த்தமில்லை. 130 முதல் 140 வரை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

படி 3: மீட்சிப் பங்கைக் கழிப்பது

மீட்சி மோதலில் புரோட்டான்கள் மிகச் சிறிய கோணத்தில் விலகும். கோணம் கூடக் கூட எண்ணிக்கை அடுக்கு முறையில் சரியும். அந்தச் சரிவின் வேகத்தைச் சாய்வு என்பார்கள், அலகு ஜி.இ.வி.⁻². 7 டி.இ.வி.யில் 19.9, 13 டி.இ.வி.யில் 20.4. அதிலிருந்து:

மீட்சி = 1.01 × (மொத்தம்)² ÷ (19.57 × சாய்வு)

முதலில் தெரிந்த இடத்தில் சோதியுங்கள். 110.6-இன் வர்க்கம் 12,232. 1.01 ஆல் பெருக்கி 399-ஆல் வகுத்தால் 30.9. டோட்டம் நேரடியாக அளந்தது 31.0. சூத்திரத்தை நம்பலாம்.

57 டி.இ.வி.யில் சாய்வு என்ன? பழைய மரபுப்படி வர்க்கத்தின் மடக்கை ஒன்று கூடும்போது சாய்வு 0.5 கூடும், அப்படிப் போனால் 22. எல்.எச்.சி. ஆற்றல்களில் வளர்ச்சி பழைய கோட்டைவிட வேகமெடுத்திருப்பதால் 23 வரை போகலாம். 22 என்றால் மீட்சி 42, மீட்சியற்றது 92. 23 என்றால் 40, 94. இந்தப் படியில் பெரிய ஆபத்து இல்லை. 92 என்று வைத்துக்கொள்வோம்.

படி 4: ஒரு புரோட்டானிலிருந்து காற்றணுக்கருவுக்கு

நேரத்தைச் செலவிட வேண்டிய படி இது. காற்றணுக்கருவில் 14 அல்லது 16 நியூக்ளியான்கள் இருக்கின்றன. 92-ஐ 14.5-ஆல் பெருக்கினால் 1334 மில்லிபார்ன் வரும், அது தவறு. முன்னால் நிற்கும் நியூக்ளியான் பின்னால் நிற்பதை மறைக்கிறது. இயற்பியலாளர் ராய் கிளாபர் தந்த முறை இந்த மறைப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது.

முதலில் காற்று எது என்று சரியாகச் சொல்லுங்கள். மூலக்கூறு எண்ணிக்கையில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93 சதவீதம். புரோட்டான் மோதுவதோ அணுக்கருவில். நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளில் இரண்டிரண்டு அணுக்கரு, ஆர்கானில் ஒன்றே ஒன்று. அணுக்கரு எண்ணிக்கையில் பங்கு 78.5, 21.1, 0.47 சதவீதம் என்று மாறும். சராசரி நிறை எண் 14.55.

கையால் போட, அணுக்கருவின் அடர்த்தி மணி வடிவில் குறைவதாக வைத்துக்கொள்ளலாம். லேசான அணுக்கருக்களுக்கு இது மோசமில்லை. நைட்ரஜனின் மின்னூட்ட ஆரம் 2.56 ஃபெர்மி, ஆக்சிஜனுடையது 2.70, காற்றுக்குச் சராசரி 2.59. இதன் வர்க்கம் 6.71. இதில் புரோட்டானின் சொந்த அகலமும் கலந்திருக்கிறது: 0.84-இன் வர்க்கம் 0.71. அதைக் கழித்தால் 6.0, மூன்றில் இரண்டு பங்கு 4.0. இனி மோதலின் வீச்சைக் கூட்ட வேண்டும்: 2 × 22 × 0.0389 = 1.71 (0.0389 என்பது ஜி.இ.வி.⁻²-ஐச் சதுர ஃபெர்மியாக மாற்றும் எண்). ஆக 5.71 சதுர ஃபெர்மி. பை (π) ஆல் பெருக்கினால் 17.95. இதை அடித்தட்டு என்று அழைப்போம்.

அடுத்து, நட்ட நடுவில் போகும் புரோட்டான் சராசரியாக எத்தனை முறை மோதும்? 14.5 × 9.2 ÷ 17.95 = 7.43 (92 மில்லிபார்ன் 9.2 சதுர ஃபெர்மி). அதாவது நடுவழியே மோதாமல் தப்பிக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஆறு. இந்த எண்ணை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காற்றணுக்கருவின் நடுப்பகுதி இந்த ஆற்றலில் முழு இருட்டு. விளிம்பு மட்டும்தான் இன்னும் சாம்பல் நிறம். பரப்பு:

அடித்தட்டு × (இயல் மடக்கை 7.43 + 0.577) = 17.95 × 2.583 = 46.4 சதுர ஃபெர்மி = 464 மில்லிபார்ன்

கடைசியில் உள்ள 0.577 ஆய்லர் மாறிலி. விடை கொஞ்சம் குறைவு, காரணமும் தெரியும். வீச்சுக்கு 2 × சாய்வு என்று போட்டது மீட்சி மோதலின் வடிவம். இந்த ஆற்றலில் புரோட்டானின் நடுப்பகுதியே கறுத்துவிட்டதால் மீட்சியற்ற மோதலின் வட்டு அகலமானது. 2-க்குப் பதில் 2.45 வருகிறது. அதைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டால் 482.

இப்போது ஒரு பரிசோதனை. அகலத்தை மாற்றாமல் 92-ஐ மட்டும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். மடக்கைக்குள் இருப்பதால் விடை 17 மில்லிபார்ன்தான் கூடும், ஏறக்குறைய 4 சதவீதம். நடுப்பகுதி ஏற்கெனவே இருட்டு, மேலும் இருட்ட இடமில்லை. புரோட்டானிலிருந்து காற்றுக்குப் போகும்போது பிழை சுருங்கும். காற்றிலிருந்து புரோட்டானுக்குத் திரும்பினால் அதே விகிதத்தில் ஊதிப் பெருகும். அண்டக்கதிரை வைத்து அளந்த புரோட்டான்–புரோட்டான் பரப்புகளின் பிழைப்பட்டை ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

படி 5: மோதல் நீளம், உயரம், வீதம்

மோதல் நீளம் = 24,160 ÷ பரப்பு (கிராம்/ச.செ.மீ.)

நீளத்தை இங்கே கடந்த காற்றின் நிறையால், ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிராம் என்று அளக்கிறோம். 24,160 என்பது காற்றணுக்கருவின் சராசரி நிறையிலிருந்து வருகிறது. 482-க்கு 50.1, ஓஷே அளந்த 505-க்கு 47.8. நேர் மேலிருந்து வரும் புரோட்டான் 47.8 கிராம்/ச.செ.மீ. காற்றைக் கடந்திருக்கும்போது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 60 பாகை சாய்ந்து வந்தால் அதே அளவு காற்று இன்னும் மேலேயே தீர்ந்துவிடும், 25 கிலோமீட்டர் அருகே. உயரத்தைச் சொல்லும்போது சாய்வுக் கோணத்தைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இது சராசரிதான். 37 சதவீதப் புரோட்டான்கள் இந்த ஆழத்தைத் தாண்டியும் மோதாமல் போகும். 5 சதவீதம் மூன்று மடங்கு ஆழம் வரை போகும்.

நொடிக்கு எத்தனை மோதல் என்று வேண்டுமானால் அந்த உயரத்தின் அடர்த்தி வேண்டும். 21 கிலோமீட்டரில் அது கன செ.மீ.க்கு 7.6 × 10⁻⁵ கிராம். 47.8-ஐ இதனால் வகுத்தால் 6.3 கிலோமீட்டர், ஒளி வேகத்தில் அதைக் கடக்க 21 மைக்ரோநொடி. அதே புரோட்டான் கடல் மட்டக் காற்றில் ஓடினால் 390 மீட்டருக்கு ஒரு மோதல். பரப்பு ஒன்றுதான், வீதம் 16 மடங்கு மாறுகிறது. வீதத்தை அடர்த்தி சொல்லாமல் எழுதுவது அர்த்தமற்றது.

படி 6: அளவீட்டோடு ஒப்பிடுவது

முதல் மோதலை யாரும் நேரில் பார்ப்பதில்லை. பொழிவு உச்சம் தொடும் ஆழத்தைத்தான் ஒளிர்வுத் தொலைநோக்கிகள் பார்க்கின்றன. ஓஷே குழு 10¹⁸ முதல் 10^18.5 இ.வி. வரையிலான பொழிவுகளில் மிக ஆழமாக இறங்கிய 20 சதவீதத்தை மட்டும் எடுத்தது. கனமான அணுக்கருக்கள் மேலேயே மோதிவிடும், ஆழத்தில் எஞ்சுவது பெரும்பாலும் புரோட்டான் என்பதே காரணம். அந்த வாலின் சரிவு நீளம் 55.8 கிராம்/ச.செ.மீ. வந்தது. அதிலிருந்து கிடைத்த பரப்பு 505 மில்லிபார்ன். புள்ளியியல் பிழை 22, முறைசார் பிழை மேலே 28, கீழே 36.

55.8-ஐ நேராக மோதல் நீளமாக எடுத்துவிடாதீர்கள். 55.8 ÷ 47.8 = 1.17. பொழிவு வளரும்போது வரும் ஏற்ற இறக்கத்தையும் கருவி தரும் மங்கலையும் சேர்த்து இந்த விகிதம் உருவாகிறது. கணினி மாதிரியில்லாமல் கிடைக்காது. 1980-களில் இதை 1.6 என்று எடுத்தவர்களும் உண்டு. பழைய அளவீடு எதையும் எடுக்கும் முன் எந்த விகிதம் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.

ஹீலியம்தான் பெரிய தொல்லை. ஆழமான வாலில் அது புரோட்டானைப் போலவே ஒளிந்துகொள்ளும். வருபவற்றில் 25 சதவீதம் ஹீலியம் என்றால் விடை 30 மில்லிபார்ன் அதிகமாகக் காட்டும் என்று ஓஷே குழுவே கணக்கிட்டிருக்கிறது. ஒளித்துகள்கள் கலந்தால் எதிர்த்திசையில் இழுக்கும்.

கையால் வந்த 482 அவர்கள் பிழைப்பட்டைக்குள் விழுகிறது. கிளாபர் வழியாகத் திரும்பி அவர்கள் எடுத்த புரோட்டான்–புரோட்டான் மீட்சியற்ற பரப்பு 92, மொத்தம் 133. நம் 134 அதோடு ஒட்டிப்போவதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த 133-இன் பிழைகளை எல்லாம் சேர்த்தால் 25-க்குக் குறையாது. அமெரிக்காவில் யூட்டாவின் டெலஸ்கோப் அரே ஆய்வகம் 2015-இல் 95 டி.இ.வி.க்குப் புரோட்டான்–காற்றுப் பரப்பை 567 ± 70 என்று தந்தது. வளைவு அதற்குள்ளும் போகும். இவ்வளவு அகலப் பட்டைக்குள் எந்த வளைவும் போகும்.

நிரல்களுக்கு மாறும்போது

இனி மோதலைக் கணினியில் நடத்திக் காட்டும் ஈபாஸ் எல்.எச்.சி., க்யூ.ஜி.எஸ்.ஜெட் 2-04, சிபில் 2.3டி ஆகிய மாதிரிகளை ஒரே உறையில் ஓட்டும் சி.ஆர்.எம்.சி. நிரல் உங்களுக்கு உதவும். வரும் துகள் புரோட்டான், இலக்கு நைட்ரஜன், வரும் உந்தம் 1.74 × 10⁹ ஜி.இ.வி., இலக்கின் உந்தம் சுழியம். கடைசியதைக் கொடுக்க மறந்தால் நிரல் மோதுபொறியில் நடக்கும் நேரெதிர் மோதலைக் கணக்கிட்டுவிடும். ஆக்சிஜனுக்குத் தனியாக ஓட்டி மேலே சொன்ன பங்குகளில் சராசரி எடுங்கள். மூன்று மாதிரிகளையும் கட்டாயம் ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் ஓட்டி வந்த எண்ணுக்குப் பிழை சொல்ல வழியே இல்லை.

முழுப் பொழிவைக் கோர்சிகா என்ற பொழிவு நிரலில் ஓட்டி, பரப்பு மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க நல்ல உத்தி ஒன்று உண்டு. 10¹⁵ இ.வி.யில் 1-இல் தொடங்கி 10¹⁹-இல் விரும்பிய மதிப்பை எட்டும்படி, மடக்கையில் நேர்கோடாக வளரும் பெருக்கியை மாதிரியின் பரப்பின் மேல் வைப்பது. 10¹⁹-இல் 1.1 என்று வைத்தால் நம் ஆற்றலில் 1.081 ஆகும். உச்ச ஆழம் இதற்கு நன்றாக அசையும். மியூவான் எண்ணிக்கை அவ்வளவாக அசையாது; அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒவ்வொரு மோதலிலும் எத்தனை துகள் பிறக்கிறது, ஆற்றலில் எவ்வளவு நடுநிலைப் பையான்களுக்குப் போகிறது என்பவை. மாதிரிகள் காட்டுவதைவிட வானத்தில் மியூவான்கள் அதிகமாக வருவது தீராத சிக்கல். பரப்பைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், உச்ச ஆழம் கெடும்.

2025 ஜூலையில் எல்.எச்.சி. முதல்முறையாகப் புரோட்டானையும் ஆக்சிஜனையும் மோதவிட்டது, ஒரு நியூக்ளியான் இணைக்கு 9.62 டி.இ.வி.யில். நான்காம் படியை அதே ஆற்றலுக்கு, ஆக்சிஜன் மட்டும் வைத்து இப்போதே போட்டு எழுதி வையுங்கள்: நிறை எண் 16, மின்னூட்ட ஆரம் 2.70, சாய்வு 20. மோதுபொறியில் அளந்த எண்ணோடு உங்கள் கிளாபர் கணக்கை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். அங்கே வரும் வித்தியாசத்தை 57 டி.இ.வி. விடையின் பிழையில் சேருங்கள்.